மாப்பிள்ளை வேன் ஏன் கிளம்பவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் ஒரு கல்யாணம். மண்டபம் ரெடி. பெண் ரெடி. மாப்பிள்ளை ரெடி. பிரியாணி மாஸ்டர் ரெடி. மாப்பிள்ளையை அழைத்துவர வேன் ரெடி. வேனுக்கு மேலே சுற்றிய பூச்சரம்கூட ரெடி.

ஆனால் ஒன்றும் நடக்கவில்லை.

யாரும் சண்டை போடவில்லை. யாரும் முறுக்கிக்கொண்டு போகவில்லை. மழை இல்லை, கரண்ட் கட் இல்லை, டிராஃபிக்கூட இல்லை — நம்புங்கள், டிரங்க் ரோட்டில்! அத்தனை பேரும் அவரவர் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு, அடுத்தவரிடமிருந்து சேதி வரட்டும் என்று ரொம்ப மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கூத்துக்கு யார் காரணம் என்கிறீர்களா? வேறு யார்... எங்கள் கம்பெனிதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு ஒரு வேலை இருப்பதும், அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் அடிக்கடி புலம்புவதும் வழக்கமான வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கீழே லேத் பட்டறை, பக்கத்தில் பிஸ்கட் குடோன், மாடியில் நாங்கள். லேத் ஓடும்போது எங்கள் கீபோர்டும் சேர்ந்து ஆடும். அங்கே உட்கார்ந்து நாங்கள் செய்வது கல்யாண ஆப்.

மண்டபக்காரர், சமையல்காரர், பூக்காரர், வேன்காரர், போட்டோகிராபர் — ஒவ்வொருவர் கையிலும் இணையத்தில் ஓடுகிற ஒரு சின்ன சர்வீஸ் இருக்கும். 'பூ அனுப்பியாச்சு', 'வேன் வந்தாச்சு' என்று அது சேதி அனுப்பும், சேதி வாங்கும். இந்தத் தனித்தனி சர்வீஸ்களை ஒன்றாகக் கோத்து, முழுக் கல்யாணமாக ஆக்கித் தருவது எங்கள் வேலை.

கோப்பதில்தான் வம்பே.

முதலில் நடுவே ஒரு புரோகிராமை உட்காரவைத்திருந்தோம். ஆபீசில் அதற்கு வைத்த பெயர் நாட்டாமை. எழுதியது அடியேன். எல்லாச் சேதியும் நாட்டாமைக்குப் போகும். எல்லா உத்தரவும் நாட்டாமையிடமிருந்து வரும். பூவே கிளம்பு, வேனே நில், இலையைப் போடு, சாம்பாரைக் கொண்டுவா... எனக்கு வீட்டில் கிடைக்காத அதிகாரத்தை எல்லாம் அந்தப் புரோகிராமுக்குக் கொடுத்து வைத்திருந்தேன்.

ஒரு முகூர்த்த நாள் காலையில் நாட்டாமை படுத்துவிட்டார். ஊரிலுள்ள அத்தனை கல்யாணமும் ஒரே நேரத்தில் வந்து அவர் தலையில் விழுந்தால் பாவம், என்ன செய்வார்? மூச்சு முட்டி நின்றுவிட்டார். அவர் நின்றதும் எல்லாம் நின்றது. நெமிலிச்சேரியில் ஒரு மண்டபத்தில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். பரிமாற உத்தரவு வரவில்லை. சம்பந்தி வீட்டார் காலி இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் சித்தப்பா எனக்கு போன் செய்து என் பரம்பரையையே விசாரித்தார். நான் அப்போது சோப்பு நுரையோடு பாத்ரூமில் இருந்தேன்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் ரிஸ்வானா எழுந்து நின்றாள்.

ரிஸ்வானா எங்கள் டீமில் புரோகிராம் எழுதுபவள். பூந்தமல்லிப் பெண். கெட்டிக்காரி. கூடவே கறார்க்காரி — "ரெண்டு நிமிஷத்துல வர்றேன்" என்று சொல்லிவிட்டு அஞ்சு நிமிஷம் கழித்து வந்தால், "சார், ரெண்டு நிமிஷம்னீங்களே?" என்று கேட்கிற ஜாதி.

"சார், நாட்டாமையைச் சரி பண்ண வேணாம். நாட்டாமையே வேணாம்."

எழுதியவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேனே என்று கொஞ்சமாவது தயங்கினாளா? இல்லை.

"நடுவுல யாரும் இல்லாம எப்படிம்மா கல்யாணம் நடக்கும்?"

"சார், கூட்டமான பஸ்ல டிக்கெட் எப்படி வாங்குறோம்? காசைப் பக்கத்துல நிக்கிறவர்கிட்ட குடுக்குறோம். அவரு அடுத்தவர்கிட்ட குடுக்குறாரு. அப்படியே கண்டக்டர்கிட்ட போகுது. டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில திரும்பி வந்துடுது. இன்னார்கிட்ட குடு, இன்னார்கிட்ட வாங்குன்னு நடுவுல நின்னு யாராவது கத்துறாங்களா? அவங்கவங்களுக்குப் பக்கத்து ஆளைத் தெரிஞ்சாப் போதும்."

அவள் சொன்ன திட்டம் இவ்வளவுதான். ஒவ்வொரு சர்வீஸும் இரண்டே விஷயம் தெரிந்து வைத்திருக்கும் — யாரிடமிருந்து சேதி வந்தால் தன் வேலையைத் தொடங்குவது, முடித்ததும் யாருக்குச் சேதி சொல்வது. தலைவர் கிடையாது. உத்தரவு கிடையாது. ஒருவர் படுத்தாலும் ஊரே படுக்காது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

ஆனால் ரிஸ்வானாவுக்கு நாட்டாமைகளைப் பிடிக்காமல் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார். ஜாஃபர் மாமா. அவள் அம்மாவின் தம்பி. பூந்தமல்லியில் சோபாவுக்குக் குஷன் தைக்கிற கடை வைத்திருப்பவர். அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் நடுவில் நின்று நடத்துவது அவர்தான். ஒரு காதில் ஒரு போன், இன்னொரு காதில் இன்னொரு போன்.

அவர் நடத்துகிற முறை எளிமையானது. எல்லாரிடமும் பொய் சொல்வார்.

சமையல்காரரிடம், "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கிளம்பிட்டாங்க, அரிசியப் போடு." மாப்பிள்ளை வீட்டாரிடம், "சோறு தம்ல கீது, சீக்கிரம் வாங்க." வேன்காரரிடம், "அவங்க வாசல்லயே நின்னுகினு கீறாங்க, நீ இன்னும் போவலியா?" மூன்றும் பொய். மூன்றும் சேர்ந்தால் ஒரு கல்யாணம்.

ரிஸ்வானாவின் அக்கா கல்யாணத்தில் இந்த வித்தை சொதப்பிவிட்டது. மாமா சொன்னதை நம்பி மாஸ்டர் அரிசியைப் போட, மாப்பிள்ளை வீட்டார் அப்போதுதான் குளிக்கவே போயிருந்தார்கள். அவர்கள் வந்து உட்காரும்போது பிரியாணி குழைந்து களியாகிவிட்டது. "பொங்கல் நல்லாருக்கு" என்றாராம் சம்பந்தி. இன்றுவரை அக்காவைப் புகுந்த வீட்டில் 'பொங்கல் வீட்டுப் பொண்ணு' என்றுதான் சொல்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு நல்ல நாளிலும் சொல்கிறார்கள்.

அதனால் ரிஸ்வானாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் எடுத்த முடிவு: நாட்டாமை இல்லாத புது ஆப்பின் முதல் கல்யாணம் தன்னுடையதுதான். இன்னொன்று — தன் கல்யாணத்தில் யாரும் யாரிடமும் ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது. வருங்கால மாமியாரிடமே சொல்லிவிட்டாளாம், "எங்க பக்கத்துலேர்ந்து எது சொன்னாலும் உண்மையா இருக்கும் மாமி" என்று. கல்யாணத்துக்கு முன்பே இப்படி ஒரு வாக்குறுதியை மாமியாருக்குக் கொடுக்கிற தைரியம் யாருக்கு வரும்?

முகப்பேரில் எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வந்தபோது மாமாவும் கூட வந்திருந்தார். என் எதிரிலேயே சொன்னாள்.

"மாமா, என் கல்யாணத்துல நீங்க ஜம்முனு முன்வரிசையில உக்காருங்க, சாப்பிடுங்க. யாருக்கும் போன் பண்ணக்கூடாது. யார்கிட்டயும் பொய் சொல்லக்கூடாது. சரியா?"

"சரி பாப்பா," என்றார் மாமா. பாவமாக இருந்தது. என் மனைவி அவருக்கு மட்டும் இன்னொரு லட்டு வைத்தாள்.

இப்போது கல்யாணத்துக்கு வருவோம்.

நானும் மனைவியும் ஸ்கூட்டரில் போய் இறங்கியபோது மண்டபம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. மேடையில் நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லுஹர் என்கிற மதியத் தொழுகைக்கு முன்பே ஆவடியில் அவருக்கு இன்னொரு நிக்காஹ். இங்கே சீக்கிரம் முடியாவிட்டால் கிளம்பிவிடுவேன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஹஜ்ரத்துக்கு எங்கே போவது? முன்வரிசையில் ஜாஃபர் மாமா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கை போனைத் தேடிப் போய்விடக் கூடாதாம்.

மாப்பிள்ளையைக் காணோம்.

போனை எடுத்து ஆப்பைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பச்சை டிக். இதைவிட அழகான ஸ்கிரீனை நான் பார்த்ததில்லை. ஒரு கோளாறும் இல்லை. ஒரு அசைவும் இல்லை.

சமையற்கட்டுக்குப் போனேன். கறி வெந்து மசாலா தயார். அரிசி ஊறுகிறது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பிரியாணி மாஸ்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மாஸ்டர், அரிசி போடலியா?"

"மாப்பிள்ள ஊட்டுக்காரங்க கிளம்பினாங்கன்னு சேதி வரணும் சார். வந்ததும் போடுவேன். முன்னாடியே போட்டு அது களியாப் போனா, பொண்ணு என்னையக் களியாக்கிடும்."

நியாயம். வாசலுக்குப் போனேன். வேன் டிரைவர் பூச்சரத்துக்கு நடுவே முகத்தை வைத்துக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, மாப்பிள்ளையை அழைச்சிட்டு வரப் போகலியா?"

"சோறு ரெடின்னு கிச்சன்லேர்ந்து வரணும் சார். வந்தாத்தான் வண்டிய எடுக்கணும்னு போட்டுக்கீறீங்க. பொண்ணோட அம்மா சொன்னாங்களாம் — சம்பந்தியக் கூட்டியாந்து, சோறு ஆவலன்னு உக்கார வெச்சா மானம் போயிடும்னு."

இதுவும் நியாயம். மாப்பிள்ளை வீடு ஐயப்பன்தாங்கலில். அவர்கள் ஏன் கிளம்பவில்லை? அதை யாரும் சொல்லவே வேண்டாம். பெண் வீட்டார் மாலையோடு வந்து அழைக்காமல் எந்த மாப்பிள்ளை வீட்டார் வாசல்படி தாண்டுவார்கள்? அதுதானே முறை?

அங்கேயே வேனில் சாய்ந்து நின்றேன்.

அரிசி போட, மாப்பிள்ளை கிளம்ப வேண்டும். மாப்பிள்ளை கிளம்ப, வேன் போக வேண்டும். வேன் போக, சோறு ஆக வேண்டும். சோறு ஆக... அரிசி போட வேண்டும்.

புரிகிறதா? மூன்று பேர். மூன்று நியாயம். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வட்டமாக நிற்கின்றன. உலகம் முடிகிற கியாமத் நாள் வரை இப்படியே நிற்கும், பச்சை டிக்கோடு.

ரிஸ்வானா எழுதிய விதிகளை நான்தான் வடையும் டீயுமாக உட்கார்ந்து சரிபார்த்தேன். சமையலுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவே சரியா? சரி. வேனுக்கும் சமையலுக்கும்? சரி. மாப்பிள்ளை வீட்டுக்கும் வேனுக்கும்? ரொம்பச் சரி. இரண்டிரண்டாகப் பார்த்தால் எல்லாமே சரி. மூன்றையும் சேர்த்துப் பார்க்க யாருக்குத் தோன்றும், வடை சூடாக இருக்கும்போது?

மனைவியிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூட டீச்சர்; எதையும் ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

"லிஃப்ட் வாசல்ல 'நீங்க முதல்ல, நீங்க முதல்ல'ன்னு நின்னீங்களாக்கும்? கதவு மூடிக்கிச்சு."

பழைய நாட்டாமை இருந்தபோது ஏன் இப்படி ஆகவில்லை? யோசித்தால் சிரிப்பு வருகிறது. யாரிடமிருந்தாவது பதில் வராவிட்டால், வந்ததாக வைத்துக்கொண்டு மேலே போ என்று அவருக்கு நான் எழுதி வைத்திருந்தேன். அதாவது — கொஞ்சம் பொய் சொல் என்று. ஜாஃபர் மாமா போனில் செய்ததைத்தான் நான் கம்ப்யூட்டரில் செய்திருக்கிறேன்.

நடுவில் உட்கார்ந்து நாலு பேரைச் சேர்த்து வேலை வாங்குகிற எவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய உண்மையான தொழில் என்ன? 'அவர் ஓகே சொல்லிட்டார், நீங்கதான் பாக்கி' என்று ஆளாளுக்குச் சொல்வது. கட்சிக் கூட்டணி அப்படித்தான் சேர்கிறது. அபார்ட்மென்ட் அசோசியேஷன் அப்படித்தான் ஓடுகிறது. அவ்வளவு ஏன்... கல்யாணமான ஆண்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். "அம்மா உன் ரசத்தைப் பத்தித்தான் பேசிட்டிருந்தாங்க" என்று மனைவியிடமும், "உங்களை இன்னும் நாலு நாள் இருக்கச் சொன்னா" என்று அம்மாவிடமும் சொல்லாமல் எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது?

உண்மையை மட்டுமே பேசிக்கொள்கிற மூன்று மிஷின்கள் அன்று பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்தை நிறுத்திவிட்டன.

மணப்பெண் அறைக்கு ஓடினோம். வாசலில் ஜாஃபர் மாமா நின்றிருந்தார். உள்ளே போக அவருக்குத் தயக்கம். என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"சார், ஒரே ஒரு பொய் சொல்லிக்கட்டுமா? சின்னது சார்."

"என்ன பொய்?"

"ஹஜ்ரத்துக்கு நெஞ்சுவலின்னு மாப்பிள்ள ஊட்டுக்குச் சொல்றேன். அலறியடிச்சிகினு ஓடியாருவாங்க."

இது சின்னதாம்!

உள்ளேயிருந்து ரிஸ்வானாவின் குரல் வந்தது. "மாமா! ஒண்ணும் சொல்லக்கூடாது."

உள்ளே அவள் கைகளில் முழங்கை வரை வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வட்டத்தை நான் விரலால் காற்றில் வரைந்து காட்டினேன். பாதி வரைவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேனை இப்பவே அனுப்பிடலாம் சார்."

"அனுப்பலாம். அது போய், சர்பத் குடிச்சு, மாலை போட்டு, போட்டோ எடுத்துத் திரும்புறதுக்குள்ள ஹஜ்ரத் ஆவடி போயிடுவார்மா."

"அப்ப..."

"அவங்களா கிளம்பி வந்தாத்தான் உண்டு. அழைக்காமலேயே."

எனக்கு அதுவரை உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான் — என் நாட்டாமையை வேண்டாம் என்றாயே, பார் என்று. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியதைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. எது வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாளோ, அதுவே வேறு உருவத்தில் வந்து நிற்கிறது. அக்காவுக்குப் பொங்கல் வீடு என்று பெயர். இவளுக்கு? அழைக்காத வீடு. சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள்.

ஒரு பொய் சொன்னால் தீர்ந்துவிடும். மாமா வாசலிலேயே தயாராக நிற்கிறார். அவளுக்கும் அது தெரியும்.

"அக்கா, இந்த போனைக் கொஞ்சம் பிடிங்க," என்றாள் என் மனைவியிடம். "மாமிக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல."

போன் ஒரே ரிங்கில் எடுக்கப்பட்டது. போனும் கையுமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"மாமி, ரிஸ்வானா பேசுறேன். அஸ்ஸலாமு அலைக்கும். தப்பு எங்க மேலதான் மாமி. வேன் இன்னும் இங்கதான் நிக்குது. வராது. சோறும் ஆகலை. நீங்க கிளம்பினாத்தான் அரிசியே போடுவாங்க. ஹஜ்ரத் போயிடுவாரு போல. அழைக்க யாரும் வரலைன்னு நினைக்காம... நீங்களா வந்துடுறீங்களா மாமி?"

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். வளையல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட கையை எடுத்துவிட்டார்கள்.

"வேன் வராதா?" மாமியாரின் குரல்.

"வராது மாமி."

"சோறும் ஆவலையா?"

"ஆகலை மாமி."

"நாங்களா வரணும்?"

"ஆமா மாமி."

பெண்ணின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"ஏம்மா, காலைலேர்ந்து பட்டுப்புடவயக் கட்டிக்கினு பட்டினியா உக்காந்துகினு கீறோம். இத்த சொல்றதுக்கா இம்மா நேரம்? வாசலாண்ட பஸ் டிப்போ கீது. ஏறினா வந்துடப் போறோம். பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே கெடையாது. உன் மாப்பிள்ளைக்குத்தான் எடுக்கணும்."

ரிஸ்வானா அழுதுகொண்டே சிரித்தாள். நாங்களும் மூச்சுவிட்டோம். ஆனால் மாமியார் முடிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணும்மா. எங்கக்கா ஒருத்தி கீறா. அழைக்காம வந்தோம்னு தெரிஞ்சா, உன் புள்ள கல்யாணத்துல கூட அதத்தான் பேசுவா. அவகிட்ட வேன் பஞ்சராயிடுச்சின்னு சொல்லிக்கிறேன். நீ கண்டுக்காத."

"மாமி, பொய் வேணாம் மாமி..."

கட் ஆகிவிட்டது.

"சார், என்னை யாராவது கேட்டா நான் பஞ்சர்னு சொல்ல மாட்டேன்," என்றாள் ரிஸ்வானா. கண்ணீரைத் துடைத்ததும் பழைய கறார் திரும்பிவிட்டது.

"கேக்க மாட்டாங்க," என்றாள் என் மனைவி. அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. வேனோ மண்டப வாசலிலேயே, பூச்சூடி, புதுப் பெண் மாதிரி நிற்கிறது. ஏதாவது சொல்லி நகர்த்தலாமா என்று மாமாவைக் கேட்கத் திரும்பினேன். வாசலில் அவரைக் காணோம்.

அதற்குள் ஆப் உயிர் பெற்றுவிட்டது. ஐயப்பன்தாங்கலிலிருந்து 'கிளம்பியாச்சு' என்று சேதி. பஸ்ஸில் நின்றபடி மாப்பிள்ளையே அமுக்கியிருக்கிறார். அது சமையற்கட்டுக்குப் போக, "அரிசியப் போடுங்கப்பா!" என்று மாஸ்டர் போட்ட சத்தம் மேடை வரை கேட்டது. ஹஜ்ரத் முகத்தில்கூட ஒரு மலர்ச்சி.

நான் எத்தனையோ மாப்பிள்ளை ஊர்வலம் பார்த்திருக்கிறேன். குதிரையில், திறந்த ஜீப்பில், ஒருமுறை டிராக்டரில்கூட. டவுன் பஸ்ஸிலிருந்து ஷெர்வானியோடு, "இறங்கணும், இறங்கணும், வழி விடுங்க" என்று கெஞ்சியபடி ஒரு மாப்பிள்ளை இறங்கியதை அன்றுதான் பார்த்தேன். பின்னாலேயே பட்டுப்புடவைகள். மாமியார் மருமகளின் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "சோறு எங்க?" என்பது போலக் கண்ணாலேயே கேட்டார்.

நிக்காஹ் நடந்தது. துஆ ஓதி முடித்த கையோடு ஹஜ்ரத் ஆவடிக்குப் பறந்தார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மேடையில் உட்காரவைத்துப் போட்டோ எடுக்க ஆரம்பித்தார்கள். நானும் மனைவியும் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற பெரிய உருவம்தான் மாமியாரின் அக்கா.

மேடை ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"ஏம்மா, வேன் பஞ்சராமே? நெசமாவா?"

மாமியார் சட்டென்று கூரையில் இருந்த ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை தன் ஷூவைப் பார்த்தார். ரிஸ்வானா அந்தப் பெரியம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். எனக்கு அவளைத் தெரியும். ஆபீசில் முதலாளியிடமே "அது தப்பு சார்" என்று சொல்லுவதற்கு முன்னால் அவள் இப்படித்தான் மூச்சை இழுப்பாள். வாயைத் திறந்துவிட்டாள்.

அந்த நேரத்தில் வேன் டிரைவர் மேடையை நோக்கி ஓடிவந்தார்.

விஷயம் இதுதான். சோறு ஆகிவிட்டது. சோறு ஆனதும் சமையற்கட்டு தன் கடமை தவறாமல் வேனுக்குச் சேதி அனுப்பியிருக்கிறது — போ, மாப்பிள்ளையை அழைத்து வா. மாப்பிள்ளை வந்து, கல்யாணமே முடிந்துவிட்டது என்று அதற்கு யார் சொல்வது? அதற்குத்தான் பக்கத்து ஆளைத் தவிர யாரையும் தெரியாதே!

"சார்! கிளம்பச் சொல்லி ஆப்ல வந்துடுச்சி சார்," என்று மூச்சிரைக்க என்னிடம் கத்தினார் டிரைவர். "வண்டிய எடுக்க முடியாது. பின்னாடி டயரு ரெண்டும் மொத்தமாத் தரையில உக்காந்துகினு கீது!"

பெரியம்மா உச்சுக் கொட்டினார். "அடப்பாவமே. ரெண்டு டயருமா? நா கூட இவ சும்மா சொல்றான்னு நெனச்சிட்டேன்." ரிஸ்வானாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு, சாப்பாட்டு ஹாலைப் பார்த்து நடந்தார். மாமியார் ஃபேனை விட்டுக் கண்ணை இறக்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம். தான் சொன்ன பொய் இப்படி வந்து முன்னால் நிற்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ரிஸ்வானா ஒன்றும் புரியாமல் சுற்றிலும் பார்த்தாள். மேடை ஓரத்தில் ஜாஃபர் மாமா நின்று, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை முழுக்கக் கறுப்பு.

"மாமா?"

"நா யார்கிட்டயும் ஒரு வார்த்த பொய் சொல்லல பாப்பா," என்றார் மாமா. "உன் மாமியாரு சொன்னத உண்மயாக்கிட்டு வந்தேன்."

இந்த வசதி எங்கள் ஆப்பில் இன்னும் இல்லை!